ரெண்டு நாள் லீவும் இத்தாலி ஏரிக்கரையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதி ஒரே விஷயத்தை சுத்தியே இருக்கு. அக்காவோ தங்கச்சியோ மிலான்ல, வெரோனால வேலை செய்றாங்க, அவங்கள பாக்க போறோம், போன கையோட அந்த பெரிய ஏரிங்க பக்கம் ஒரு சனி ஞாயிறு ஆற அமர இருந்துட்டு வரணும், எப்படின்னு. அதனால மருமகள் பிரச்சினை, வெள்ளைப்பூடு ஊறுகா எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, என் தங்கச்சி மிலான்ல ஒரு வயசான அம்மாவ பாத்துக்கிற வேலை செய்றா. நான் மே மாசம் போறேன். அவளுக்கு சனிக்கிழமை காலைல இருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும் தான் லீவு. கோமோ, கார்டா, மஜோரே மூணு ஏரியும் பாக்கணும்னு ஆசை. ரெண்டு நாள்ல ஏலுமா?
(வாசகி, ஹட்டன்)

பதில்: ஏலாது தங்கச்சி. ஏலும்னு சொல்ற ஆளுங்களும் இருப்பாங்க. நம்ம ஊர்ல வேன் ஹையர் எடுத்துக்கிட்டு விடிய நாலு மணிக்கு கிளம்பி ஹக்கல, பண்டாரவளை, எல்லன்னு ஒவ்வொரு இடத்துலயும் இறங்கி போட்டோ எடுத்து ஏறி, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு வாசல்ல வந்து விழுற கூட்டம் அது. ஆனா உங்க தங்கச்சி வாரம் பூரா ஒரு வயசாளிய தூக்கி படுக்க வச்சு, நடுராத்திரியில எழும்பி மருந்து குடுத்து வேலை செய்ற புள்ள, அவளையும் ஸ்டேஷன் ஸ்டேஷனா ஓட வைக்கப் போறீங்களா? மஜோரே மிலானுக்கு வடமேற்கால, கார்டா கிழக்கால, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு போகணும்னா திரும்ப மிலானுக்கே வந்து வேற ட்ரெயின் ஏறணும், உங்க ரெண்டு நாள் அதுலயே போயிரும்.

ஒரே ஏரி, ஒரே ஊர், ஒரு ராத்திரி. கோமோ ஏரியில வரென்னாங்கிற சின்ன ஊர்ல தங்குங்க, அதான் என் சிபாரிசு. கோமோ டவுன்ல தங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், நல்ல டவுன் தான், பட்டுத்துணிக்கு பேர் போன இடம், மின்கலம் கண்டுபிடிச்ச அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா பொறந்ததும் அங்க தான் (வோல்ட்ங்கிற அளவே அவர் பேர்ல வந்தது). 1894ல இருந்து ஓடுற ஒரு மலை ரயில் இருக்கு, புருனாத்தே வரைக்கும் தூக்கிட்டு போகும். ஆனா அந்த ஏரி தலைகீழா கவுத்த ஒய் எழுத்து மாதிரி, கோமோ டவுன் ஒரு கால் நுனியில இருக்கு. மூணு கையும் சேர்ற நடு இடத்துல தான் வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ மூணும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது, படம்ல பாக்கிற அழகு பூரா அங்க தான்.

மிலான் சென்ட்ரல் ஸ்டேஷன்ல ட்ரெனோர்ட் ட்ரெயின் எடுக்கணும். போர்ட்ல வரென்னான்னு தேடிக்கிட்டு நிக்காதீங்க, கடைசி ஸ்டேஷன் பேரு தான் போட்டிருக்கும், திரானோ இல்லாட்டி சோன்த்ரியோ. ஆனா அது வரென்னால நிக்குமான்னு கீழ சின்ன எழுத்துல ஓடுறதையும் பாத்துக்கங்க. ஒரு மணித்தியாலம் சொச்சம் ஓட்டம், டிக்கட் எட்டு யூரோ அளவு, சீட் நம்பர் கிடையாது. ஏறின உடனே இடது பக்க ஜன்னல பிடிங்க, லெக்கோ தாண்டின பிறகு சுரங்கத்துக்குள்ள போறதும் வெளிய வரும்போது சடார்னு ஏரி தெரியிறதும், மறுபடி இருட்டுமா போகும், நாவலப்பிட்டிக்கு மேல நம்ம ட்ரெயின்ல சின்னப்பசங்க கத்துவாங்கல்ல, அங்க யாரும் கத்த மாட்டாங்க, நீங்க வேணும்னா கத்திக்கங்க. பேப்பர் டிக்கட் எடுத்தா ப்ளாட்பாரத்துல இருக்கிற மெஷின்ல குத்திட்டு தான் ஏறணும், குத்தாம ஏறி மாட்டினா டிக்கட் கையில இருந்தும் அபராதம்.

ஸ்டேஷன்ல இருந்து படகுத்துறைக்கு பத்து நிமிஷ இறக்கம். பேக்க ரூம்ல வச்சிட்டு சனிக்கிழமை எங்கயும் போகாதீங்க. பாறைய ஒட்டி தண்ணிக்கு மேலயே ஒரு நடைபாதை கட்டியிருக்காங்க, அதுல நடங்க, வில்லா மொனாஸ்தேரோங்கிற பழைய கன்னியாஸ்திரி மடத்து தோட்டம் இருக்கு, ஏரி ஓரமா நீளமா போகுது, அங்க போய் உக்காருங்க. பக்கத்துல ஃபியூமெலாத்தேன்னு ஒரு ஆறு, 250 மீட்டர் தான் நீளம், அம்புட்டு தான், வெள்ளை நுரையா ஏரியில விழும், அதுக்கு பெரிய பேர். நம்ம டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிங்கள பாத்து வளந்த கண்ணுக்கு அது ஒண்ணுமே இல்ல, வழியில இருந்தா பாருங்க, அதுக்குன்னு போகாதீங்க.

ஞாயிறு காலைல முதல் முதல் படகுகள்ல ஒண்ண பிடிச்சு பெல்லாஜியோவுக்கு போயிருங்க, கால் மணித்தியாலம், அஞ்சு யூரோ அளவு. பத்து மணிக்கு பிறகு அந்த ஊருக்குள்ள போறதும் தைப்பொங்கலுக்கு மொத நாள் ஹட்டன் டவுனுக்கு போறதும் ஒண்ணு. கார் ஏத்துற பெரிய படகு கிடைச்சா அதுலயே போங்க, கரைய தொட முந்தி ஒரு ஆள் கயித்த வீசி இரும்பு முளையில சுத்துவாரு, சங்கிலி கடகடன்னு ஓடி முன்பக்க பலகை அப்படியே சிமெந்து சாய்வுல இறங்கும், இறங்கிறதுக்கும் ஆளுங்க கீழ கால் வைக்கிறதுக்கும் இடையில மூச்சு விட நேரம் இல்ல, பிறகு சைக்கிள், பிறகு காரு, நம்ம பஸ் கண்டக்டர் தோத்தாரு. நீங்க மே மாசம் போறதால அங்க இருந்து அக்கரைக்கு போய் வில்லா கார்லோத்தா தோட்டத்த பாத்துருங்க, மே முதல் பாதின்னா அசேலியா பூ சுவர் மாதிரி நிக்கும், ஹக்கலையில இருக்கிற மாதிரி மரப்பெரணி வளர்ற ஒரு பள்ளமும் இருக்கு. அதோட போதும். நாலு மணி போல ட்ரெயின் ஏறிருங்க, ஆறு ஏழு மணி ட்ரெயின்ல மலையேறிட்டு வர்ற கூட்டம், சைக்கிள், நாய் எல்லாம் சேந்து நிக்க இடம் இருக்காது, திங்கக்கிழமை வேலைக்கு போற புள்ள நின்னுக்கிட்டு வரணும்.

சல்லி தான் உதைக்கும். வரென்னால சீசன்ல சனிக்கிழமை ரூம் 150 யூரோவுக்கு கீழ கிடைச்சா அதிர்ஷ்டம். அடுத்த ஸ்டேஷன் பெல்லானோ, அஞ்சு நிமிஷ ஓட்டம், அங்க கொஞ்சம் இறங்கும், ஊரும் நல்ல ஊரு, மலை இடுக்குல தண்ணி பாயிற ஒரு பிளவுக்குள்ள பாலம் போட்டு நடக்க விட்டிருக்காங்க. ரெண்டு பேரும் பாஸ்போர்ட்ட கையிலயே வச்சிருங்க, எந்த ஹோட்டல்னாலும் பாக்காம சாவி குடுக்க மாட்டான், பொலிசுக்கு விபரம் அனுப்பணும்ங்கிறது அங்க சட்டம்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் வலி. தோட்டத்துல கொழுந்து எடுத்த ஆள் தான், ஆனா இப்ப படி ஏற முடியாது. அவங்களோட போறதுன்னா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: அப்படின்னா மேல சொன்ன வரென்னாவ மறந்துருங்க தம்பி, அந்த ஊர் பூரா படி, பெல்லாஜியோவும் கல்லு பாவின படிக்கட்டு சந்து தான். அம்மாவ ஸ்த்ரேசாவுக்கு கூட்டிட்டு போங்க. மஜோரே ஏரிக்கரை, மிலான் சென்ட்ரல்ல இருந்து நேரா ட்ரெயின், ஒரு மணித்தியாலம் அளவு. கரையோரம் பூரா சமதரையான நடைபாதை, நாலடிக்கு ஒரு பெஞ்ச், பூ, பழைய காலத்து பெரிய ஹோட்டல்கள். படகுல அஞ்சு பத்து நிமிஷத்துல பொர்ரோமேயோ குடும்பத்து தீவுகளுக்கு போகலாம். இசோலா பெல்லா தீவுல அரண்மனை ஒண்ணு, 1632ல கட்ட தொடங்கினது, அதுக்கு பின்னால தோட்டத்த பத்து தட்டா அடுக்கி வச்சிருக்காங்க, வெள்ளை மயில் நடந்து திரியும். தட்டு ஏற அம்மாவுக்கு ஏலாட்டி விடுங்க, பக்கத்து மீனவர் தீவுல இறங்கி தண்ணி ஓரமா ஒரு கடையில உக்கார வச்சிருங்க, அது போதும்.

அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க, அவங்க சந்தோசப்படுவாங்க. அந்த ஏரி சுத்தி எங்க பாத்தாலும் கமேலியான்னு ஒரு செடி வளக்குறாங்க, ரோசா மாதிரி பூ, மார்ச்ல பூத்து கொட்டும், அதுக்குன்னு கண்காட்சியே வைக்கிறாங்க. அது நம்ம தேயிலையோட ஒண்ணு விட்ட அக்கா தங்கச்சி, ரெண்டும் ஒரே குடும்பத்து செடி. தேயிலைக்கு வேண்டிய மாதிரி புளிப்பு மண்ணும் நல்ல மழையும் அங்க இருக்கிறதால தான் அப்படி வளருது. இலைய தொட்டு பாத்தாலே அம்மா கண்டுபிடிச்சிருவாங்க, எது ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்.

கேள்வி: மலை, ஏரின்னு சொல்றீங்க, நுவரெலியா மாதிரி குளிரா? ஜூலைல போறோம், கம்பளி சுவெட்டர் எத்தனை எடுக்கணும்?
(வாசகி, பொகவந்தலாவ)

பதில்: ஒண்ணு போதும், அதுவும் படகுல ராத்திரி காத்துக்கு. ஜூலைல அங்க 30 பாகைக்கு மேல அடிக்கும்மா, வேர்த்து ஊத்தும். நமக்கு ஏரின்னா கிரகரி வாவி, அது கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உசரத்துல இருக்கு. கோமோ ஏரி கடல் மட்டத்துல இருந்து 200 மீட்டர் கூட இல்ல. ஆனா மலை மட்டும் நம்ம மலை உசரம் தான், கிரிஞ்ஞா 2,410 மீட்டர், லெஞ்ஞோனே 2,609, நம்ம பீதுருதாலகாலை 2,524, அப்ப ரெண்டுக்கும் நடுவுல வருது. வித்தியாசம் என்னன்னா நுவரெலியா டவுன்ல நின்னு பாத்தா பீதுரு இன்னும் 650 மீட்டர் தான் மேல, அங்க தண்ணி ஓரத்துல நின்னா முழு ரெண்டாயிரத்து சொச்சம் மீட்டரும் தலைக்கு மேல நேரா நிக்கும், கழுத்து வலிக்கும் அண்ணாந்து பாத்தா.

ஆகஸ்ட் மட்டும் வேணாம், 15ஆந் திகதி அவங்க பெரிய லீவு, நாடே ஏரிக்கும் கடலுக்கும் கிளம்பிரும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 வர்ற வாரக்கடைசியும் அப்படி தான். செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் நல்லது. நவம்பர்ல இருந்து தோட்டங்க, ஹோட்டலுங்க பாதி மூடிரும், படகும் கொறைஞ்சிரும்.

வெயிலுக்கு ஏரியில இறங்கணும்னு பிள்ளைங்க கேக்கும். கவனம். கரையில இருந்து நாலு எட்டு வச்சா அடி தெரியாம ஆழம் போயிரும், கோமோ நடுவுல 400 மீட்டருக்கு மேல ஆழம், வெயில் கொளுத்துற நாள்லயும் உள்ள தண்ணி சில்லுன்னு தசைய பிடிச்சிரும். நீச்சல் தெரியாட்டி காலை மட்டும் நனைச்சிட்டு வந்துருங்க.

கேள்வி: நாங்க மாட்டிறைச்சி சாப்பிடுறதில்ல, மாமியார் சனிக்கிழமை சுத்த சைவம். ஹோட்டல்ல எப்படி சமாளிக்கிறது? கட்டுச்சோறு கொண்டு போகவா?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: கொண்டு போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா சாப்பாட்டு கடை மேசையில உக்காந்து பிரிக்காதீங்க, கரையில பெஞ்ச் இருக்கு. மாமியாருக்கு பிரச்சினையே இல்ல. பொலெந்தான்னு சோளமாக் களி, சீஸ் போட்டு கிண்டி தருவாங்க, மலை பக்கத்து சாப்பாடு, வயிறு நிக்கும். பிட்சோக்கேரின்னு ஒண்ணு, கருப்பு மாவுல செஞ்ச பட்டை நூடுல்ஸோட உருளைக்கிழங்கு, கோவா, சீஸ். பீட்சால மார்கரீட்டா எங்கயும் கிடைக்கும். உங்களுக்கு பாத்துக்க வேண்டியது ப்ரெசவோலா, மெல்லிசா சீவி தட்டுல பரப்பி சும்மா கொறிக்க வைக்கிற மாதிரி வரும், அது உப்பு போட்டு காய வச்ச மாட்டிறைச்சி, அந்த பக்கத்து ஸ்பெஷலே அது தான். மெனுவுல மான்ட்ஸோ, வித்தெல்லோன்னு வாசிச்சா மாடு, மாயாலேன்னா பன்றி.

மீன் சாப்பிடுற நாள்ல மிஸ்ஸோல்தீனி கேளுங்க. ஏரியில பிடிக்கிற அகோனேங்கிற மீன உப்பு போட்டு, கயித்துல கோத்து வெயில்ல காய வச்சு, பிறகு தகர டின்ல பிரிஞ்சி இலையோட அடுக்கு அடுக்கா வச்சு மேல பாரம் ஏத்தி எண்ணெய் வடிய விட்டு வச்சிருப்பாங்க. சுட்டு வினாகிரி தெளிச்சு பொலெந்தாவோட தருவாங்க. வெள்ளைக்காரங்க பாதி பேர் மூக்க பொத்திட்டு தள்ளி வைக்கிறத நான் பாத்திருக்கேன், நமக்கு அது கருவாடு, ஒரு கட்டசம்பல் மட்டும் பக்கத்துல இருந்தா போதும்னு தோணும்.

பில்லுல கேக்காத ஒரு தொகை இருக்கும், ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ, கோப்பெர்த்தோன்னு. ஏமாத்து இல்ல, மேசைக்கும் பாணுக்கும் எடுக்கிறது. பகல் ரெண்டரைக்கு மேல அடுப்ப மூடிருவாங்க, ராத்திரி ஏழு மணி வரைக்கும் சமைச்ச சாப்பாடு கிடைக்காது, நம்ம மாதிரி மூணரைக்கு பகல் சாப்பாடு சாப்பிட நினைச்சா பசியோட சுத்த வேண்டியது தான். டீய பத்தி பேச வேணாம், வெந்நி ஒரு கப், பேக் ஒண்ணு தனியா, பாலும் சுடாது. நம்ம தூள் ஒரு பக்கட் கொண்டு போங்க, ரூம்ல கேத்தல் இருக்கான்னு முன்னமே கேட்டுருங்க.

கேள்வி: நான் வேன் ஓட்டுறவன். ரம்பொட வளைவுல ராத்திரி மிஸ்ட்லயே ஓட்டுறேன், அங்க ஒரு காரு எடுத்து ஓட்ட ஏலாதா? ட்ரெயினுக்கு காத்திருக்க பொறுமை இல்ல.
(வாசகர், கொத்மலை)

பதில்: ஓட்ட ஏலும் அண்ணே, நிறுத்த தான் ஏலாது. ரோட்டுல உங்களுக்கு பயமே இருக்காது, மேற்கு கரை ரோடு சில இடத்துல எதிர்ல பஸ் வந்தா ஒருத்தர் பின்னுக்கு எடுக்கணும், நமக்கு அது தினப்படி. ஆனா பழைய ஊர்களுக்கு உள்ள வெளியாள் கார் போகக்கூடாத எல்லை போட்டு கேமரா வச்சிருக்காங்க, ஒரு போர்ட் தான், கவனிக்காம உள்ள போனா யாரும் மறிக்க மாட்டாங்க, மாசக்கணக்குல கழிச்சு அபராதம் வீட்டுக்கு வரும். பார்க்கிங்ல வெள்ளைக்கோடு சும்மா, நீலம் காசு, மஞ்சள் அந்த ஊர் ஆளுக்கு. இலங்கை லைசன்ஸோட சர்வதேச பேர்மிட்டும் வேணும், கொழும்புல ஓட்டோமொபைல் அசோசியேஷன்ல எடுக்கலாம். கார்டா ஏரின்னா, அதுவும் பிள்ளைகளோட கார்டாலாண்ட் பூங்காவுக்கு போறதுன்னா, வெரோனால சொந்தக்காரங்க இருந்தா, காருக்கு ஒரு நியாயம் இருக்கு, பெரிய ஏரி, 370 சதுர கிலோமீட்டர், கரையும் அகலம். அங்கயும் பெஸ்கியேராவுக்கு ட்ரெயின் போகுது. கோமோவுக்கு காரு வேணவே வேணாம். நீங்களும் ஒரு நாளாச்சும் ஸ்டியரிங் பிடிக்காம ஜன்னல் ஓரமா உக்காந்து வாங்களேன்.

ட்ரெயின்ல ஒரே தொல்லை ஸ்ட்ரைக். முன்கூட்டியே அறிவிப்பாங்க, தங்கச்சியையோ மச்சானையோ ஒரு வாரத்துக்கு முந்தி பாத்து வைக்க சொல்லுங்க. வார நாள்னா காலைல 6 - 9, பின்னேரம் 6 - 9 ஓடியே ஆகணும்னு விதி, ஞாயித்துக்கிழமைக்கு அந்த விதி இல்ல.

கேள்வி: காசல்ரீ, மவுஸாகலை, மேல் கொத்மலைன்னு நம்ம கண்ணு முன்னாலயே இவ்வளவு தண்ணி இருக்கும்போது லட்சக்கணக்குல செலவழிச்சு அங்க போய் ஏரி பாக்கணுமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், நோர்வூட்)

பதில்: சேர், ஏரி பாக்கன்னு மட்டும் யாரும் போகாதீங்கன்னு தான் நானும் சொல்வேன். இந்த கேள்வி கேட்டவங்க எல்லாரும் ஆள பாக்க போறாங்க, ஏரி அதுக்கு மேல வர்ற ரெண்டு நாள். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல சேர். நம்மளது அணை கட்டி மறிச்ச தண்ணி, மவுஸாகலையில தண்ணி வத்துற காலத்துல பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியும், ஊரயே மூடித்தான் அந்த அழகு வந்தது. அவங்களது பனிப்பாறை ஆயிரக்கணக்கான வருசமா தோண்டின பள்ளம், கோமோவோட அடி கடல் மட்டத்துக்கும் 200 மீட்டர் கீழ கிடக்கு. காத்துக்கு கூட நேரம் இருக்கு, காலைல வடக்கால இருந்து திவானோ, பகலுக்கு மேல தெக்கால இருந்து ப்ரேவா, மீன்காரங்களும் பாய்மரக்காரங்களும் அத வச்சு தான் கிளம்புறாங்க.

அங்க இருக்கிறதும் இங்க இல்லாததும் அழகு இல்ல, கரை. எந்த சாதாரண ஆளும் அஞ்சு யூரோ டிக்கட்டுல ஏரி நடுவுல போய் வரலாம், பஸ் மாதிரி நேரத்துக்கு படகு, கரையோரம் நடக்க பாதை, உக்கார பெஞ்ச். கோமோ மேற்கு கரையில கொலோன்னோல இருந்து பத்து கிலோமீட்டர் நடைபாதை ஒண்ணு ஊருக்குள்ள ஊர் பூந்து போகுது, டிக்கட் இல்ல, கேட் இல்ல. காசல்ரீ ஓரமா ஒரு நாள் அப்படி ஒரு பாதை போட்டா நோர்வூட் ஆளுங்களே பின்னேரத்துல நடக்கலாமே. பிரதேச சபைக்கு கடிதம் எழுதுங்க சேர், நானும் கையெழுத்து போடுறேன்.

கேள்வி: விசா?
(பல பேர்)

பதில்: சுருக்கமா சொல்றேன். குறுகிய கால ஷெங்கன் விசா, 180 நாளைக்குள்ள கூடினது 90 நாள். பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முந்தி இருந்து போடலாம், கடைசி 15 நாள் வரைக்கும் இழுக்காதீங்க. பெரியவங்களுக்கு 90 யூரோ, 2024 ஜூன்ல கூட்டினாங்க. 30,000 யூரோவுக்கு குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். சொந்தக்காரங்க வீட்டுல தங்கினா, நீங்க போய் இறங்கி 48 மணித்தியாலத்துக்குள்ள அவங்க பொலிசுக்கு எழுத்துல அறிவிக்கணும், இத பாதி பேர் மறந்துர்றாங்க.

கேள்வி: அக்கா கறிவேப்பிலையும் நெய்யும் கேட்டிருக்கா, கொண்டு போகலாமா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: ரெண்டும் ஏலாது. பால் சாமான், இறைச்சி சாமான் உள்ள விட மாட்டாங்க, பச்சை இலைக்கு சான்றிதழ் கேப்பாங்க. கருவாடு கொண்டு போகலாம், தேங்கா கொண்டு போகலாம். சண்டை வந்தா இந்த பக்கத்த வெட்டி காட்டுங்க.